முதல் தடவை கேம்புக்கு அனுப்பும் பெற்றோருக்கு

கிறிஸ்தவச் சபை நடத்தும் கோடை முகாமுக்குப் போன பிள்ளை பாதியில் அழுது போன் போட, அப்பா ராத்திரியோடு ராத்திரியாக மலையேறிப் போய்க் கூட்டிவந்த கதை அநேகமாக எல்லாச் சபையிலும் ஒன்றிருக்கும். விசாரித்துப் பார்த்தால் காரணம் சின்னதாக இருக்கும். இந்தியன் கழிப்பறையில் உட்காரத் தெரியாமல் பிள்ளை நாள்கணக்கில் அடக்கி வைத்திருக்கும். அல்லது தூக்கத்தில் படுக்கையை நனைக்கிற விஷயத்தை வீட்டில் யாரும், முகாமில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் லீடரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். வீட்டில் பழக்காமல் விட்டது, படிவத்தில் எழுதாமல் விட்டது, இந்த இரண்டில்தான் முக்கால்வாசிச் சிக்கல் இருக்கிறது. 8 முதல் 14 வயதுக்குள் இருக்கும் பிள்ளையை 3 முதல் 6 நாள் தங்கும் முகாமுக்கு அனுப்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

முதலில் பிள்ளை தயாரா என்று பாருங்கள்

வயதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. 8 வயதில் ஜம்மென்று இருந்துவிட்டு வரும் பிள்ளையும் உண்டு, 12 வயதில் அம்மா பக்கத்தில் இல்லாமல் தூங்காத பிள்ளையும் உண்டு. பகலில் போய் மத்தியானம் வீடு திரும்பும் வி.பி.எஸ்-ஸில் (விடுமுறை வேதாகமப் பள்ளியில்) நன்றாக ஒட்டிக்கொண்ட பிள்ளை, சித்தி வீட்டிலோ அத்தை வீட்டிலோ இரண்டு ராத்திரி பெற்றோர் இல்லாமல் தங்கியிருந்தால் கேம்புக்கும் தாங்கும். இதுவரை ஒரு ராத்திரிகூட வெளியே தங்காத பிள்ளை என்றால், ஏப்ரல் மாதத்திலேயே அந்த ஒத்திகையை நடத்திவிடுங்கள். தங்கப் போகும்போது அடிக்கடி போன் செய்யாதீர்கள். செய்தால் அது ஒத்திகையே ஆகாது.

போக விருப்பம் இல்லாத பிள்ளையைத் தள்ளி அனுப்பாதீர்கள். "அங்க போயாவது திருந்தட்டும்" என்று பிள்ளை காதில் விழும்படி சொன்னால், கேம்ப் என்றாலே தண்டனை என்று அது எடுத்துக்கொள்ளும். போன பிறகு லீடர் எவ்வளவு பாடினாலும் ஆடினாலும் அந்த எண்ணம் போகாது.

பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள்

நோட்டீசில் இடம், தேதி, கட்டணம், சிறப்புப் பேச்சாளர் பெயர் இருக்கும். உங்களுக்கு வேண்டிய விவரம் பெரும்பாலும் இருக்காது. பொறுப்பாளரிடம் நேரில் கேளுங்கள். ஐயர் என்று நாம் அழைக்கும் சபைப் போதகரையும் பாஸ்டரையும் இப்படிக் கேள்வி கேட்பதா என்ற கூச்சம் நம் ஊர்ப் பெற்றோருக்கு உண்டு. நல்ல முகாம் நடத்துகிறவர்கள் இதற்கெல்லாம் கையில் பதில் வைத்திருப்பார்கள். முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

எத்தனை பிள்ளைக்கு ஒரு லீடர்? 8 முதல் 10 பேருக்கு ஒருவர் என்றால் நல்லது. 15-ஐத் தாண்டினால் ராத்திரியில் யார் எழுந்து போனார்கள் என்பதுகூட யாருக்கும் தெரியாது. பெண்பிள்ளைகள் தங்கும் இடத்தில் ராத்திரி முழுக்கப் பெண் லீடர்கள் இருக்கிறார்களா? பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையோடு மட்டும் மூடிய அறையில் இருக்கக் கூடாது என்ற விதி இருக்கிறதா? தனியாக ஜெபிப்பதும் ஆலோசனை சொல்வதும் மற்றவர் கண் பார்வையில் நடக்க வேண்டும். புகார் வந்தால் என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பிள்ளைக்குப் பாலியல் தொந்தரவு நடந்ததாகத் தெரியவந்தால் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பதே குற்றம். "சபை பேர் கெட்டுடும், நாங்களே பேசி முடிச்சுடுவோம்" என்ற பேச்சு வந்தால் அந்த முகாம் வேண்டாம்.

பயணம் எந்த வண்டியில், மலைப்பாதையில் ராத்திரிப் பயணமா, அருவிக்கோ ஏரிக்கோ கூட்டிப்போகிறார்களா, பக்கத்தில் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பதும் பட்டியலில் இருக்கட்டும். தண்ணீரில் இறக்குவதாக இருந்தால் எழுத்தில் உங்கள் சம்மதம் வாங்க வேண்டும். நீச்சல் தெரியாத பிள்ளை என்றால் "வேண்டாம்" என்று தயங்காமல் எழுதுங்கள்.

பெற்றோர் கேட்கத் தவறும் கேள்வி ஒன்று உண்டு: அங்கே என்ன போதிக்கிறார்கள்? சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன் குடும்பத்துப் பிள்ளை குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றிருக்கும். வளர்ந்த பிறகு தண்ணீரில் முழுகிப் பெறுவதே ஞானஸ்நானம் என்று நம்பும் பெந்தெகொஸ்தே பின்னணி உள்ள முகாமில் அதே பிள்ளை "நீ இன்னும் முழுக்கு எடுக்கலையா?" என்ற கேள்வியோடு வீட்டுக்கு வரலாம். இரகசிய வருகை (இயேசு திடீரென்று வந்து விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொள்வார் என்ற போதனை), நரகம் பற்றிய செய்திகளை எந்த வயதினருக்கு, எந்த நேரத்தில் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். 9 வயதுப் பிள்ளைக்கு ராத்திரி 9 மணிக் கூட்டத்தில் "இன்றிரவு வந்தால் நீ எங்கே இருப்பாய்" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தால், அது எப்படித் தூங்கும்? உபவாசமோ முழு இரவு ஜெபமோ நிகழ்ச்சியில் இருந்தால் சின்னப் பிள்ளைகளுக்கு அது கட்டாயம் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். முகாமில் யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள்.

உங்கள் பிள்ளை பள்ளித் தோழனையும் கூட அழைத்துப்போக ஆசைப்படலாம். அவன் வேறு மதத்தவனாக இருந்தால், இது என்ன முகாம், அங்கே ஜெபமும் வேதபாடமும் உண்டு என்பதை அவன் பெற்றோருக்கு வெளிப்படையாகச் சொல்லி, அவர்கள் கையெழுத்தை வாங்கிய பிறகே அழைத்துப்போக வேண்டும். "சும்மா டூர் மாதிரி" என்று சொல்லிக் கூட்டிப்போவது நேர்மையில்லை.

படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள்

"சொன்னா சேர்த்துக்க மாட்டாங்க", "மத்தவங்களுக்குத் தெரிஞ்சா கேவலம்" என்ற இரண்டு பயத்தால்தான் மறைக்கிறார்கள். மறைத்தது ராத்திரி இரண்டு மணிக்கு, டாக்டர் இல்லாத இடத்தில் வெளியே வரும். படிவத்தில் இடம் போதவில்லை என்றால் தனித்தாளில் எழுதி, உறையில் போட்டு, பிள்ளையின் குழு லீடர் கையிலேயே கொடுங்கள்.

வலிப்பு வந்த வரலாறு இருந்தால், கடைசியாக எப்போது வந்தது, எப்படி வரும், என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் பிள்ளைகள் உண்டு. கேம்பில் முதலில் கெடுவது தூக்கம்தான். வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, 5 நிமிடத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்றும் சேர்த்து எழுதுங்கள். இல்லையென்றால் யாராவது கையில் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலர் பிள்ளையின் பையிலேயே இருக்கட்டும், மருந்துப் பெட்டிக்குள் போய்ப் பூட்டப்படக் கூடாது. மலையில் குளிரும் பனியும் ராத்திரி கேம்ப்ஃபயர் புகையும் சேர்ந்து மூச்சிரைப்பைக் கிளப்பும். கூடுதலாக இன்னொரு இன்ஹேலரை லீடரிடம் கொடுங்கள். மற்ற மாத்திரைகளைப் பிரிக்காத அட்டையோடு, பெயர், அளவு, நேரம் எழுதிய தாளைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுங்கள். பேப்பரில் மடித்த வெள்ளை மாத்திரையை எந்த லீடரும் தைரியமாகக் கொடுக்க மாட்டார். முட்டை, வேர்க்கடலை, பால் என்று எது ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அதை எழுதி, சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதையும் எழுதுங்கள். 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டிடி (டெட்டனஸ், டிப்தீரியா) ஊசி விட்டுப்போயிருந்தால் முன்னதாகவே போட்டுவிடுங்கள். ஓடி விழுந்து சிராய்க்காமல் யாரும் கேம்பிலிருந்து திரும்புவதில்லை.

படுக்கையை நனைப்பது 10 வயதிலும் பல பிள்ளைகளுக்கு உண்டு. லீடரிடம் சொன்னால் சுலபமாகச் சமாளிப்பார்: படுக்கும் முன் ஒரு தடவை, 11 மணிக்கு எழுப்பி ஒரு தடவை கழிப்பறைக்கு அனுப்புவார், கதவுக்குப் பக்கத்தில் படுக்க இடம் கொடுப்பார். நீங்கள் ஒரு ரெக்ஸின் விரிப்பும், இரண்டு செட் கூடுதல் உடையும், ஈரத்துணிக்கு ஒரு பையும் அனுப்பினால் போதும். யார் உதவி செய்வார் என்பது பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத பிள்ளை ஈரத்திலேயே விடியும் வரை படுத்திருக்கும், காலையில் போர்வையைச் சுருட்டி ஒளிக்கும்.

பெண்பிள்ளைக்கு 10 வயதாகிவிட்டால், இன்னும் பெரியவளாகாவிட்டாலும் நான்கைந்து நாப்கின், பழைய செய்தித்தாள், ஒரு கருநிற உடை ஆகியவற்றைத் தனிப் பையில் வைத்து அனுப்புங்கள். எப்படிப் பயன்படுத்துவது, எங்கே போடுவது, எந்த அக்காவிடம் சொல்வது என்று அம்மா முன்பே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். ஊர் மாறி, தண்ணீர் மாறி, கேம்பிலேயே முதல் தடவை வருவது அபூர்வம் இல்லை.

மூன்று வாரப் பழக்கம்

கேம்புக்கு மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். கேம்ப் இடங்களில் பெரும்பாலும் இந்தியன் கழிப்பறைதான் இருக்கும், வாளியும் மக்கும் இருக்கும், பைப்பில் பீய்ச்சும் வசதி இருக்காது. வெஸ்டர்னிலேயே வளர்ந்த பிள்ளைக்குக் குந்தி உட்காரக் கால் வலிக்கும், வழுக்கும் என்ற பயமும் இருக்கும். தாத்தா வீட்டிலோ சபை வளாகத்திலோ உள்ள இந்தியன் கழிப்பறையில் தினமும் பழக்குங்கள். பழகாத பிள்ளை முதல் நாள் அடக்கும், இரண்டாம் நாள் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கும், மூன்றாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கும். லீடர்கள் அதை வீட்டு ஏக்கம் என்று நினைத்து ஜெபித்துக்கொண்டிருப்பார்கள். வாழைப்பழமும் தண்ணீரும் கழிப்பறைப் பழக்கமும் அங்கே செய்கிற வேலை பெரிது.

பிறகு ஒரு வாளித் தண்ணீரில் பத்து நிமிடத்தில் குளித்து, துடைத்து, உள்ளேயே உடை மாற்றிக்கொண்டு வரப் பழக்குங்கள். நீளமுடி உள்ள பெண்பிள்ளைக்குத் தானே ஒற்றைப் பின்னல் போடத் தெரிய வேண்டும். முடியவில்லை என்றால் முடியைக் கொஞ்சம் குறைத்துவிடுவது நல்லது. காலை 6 மணிக்கு 40 பெண்பிள்ளைகளுக்கும் தலை பின்ன அக்காக்களுக்கு நேரம் இருக்காது. மலைக்குளிரில் ஈரத்தலையோடு இருந்தால் சளி பிடிக்கிறதோ இல்லையோ, நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை பாடத்தைக் கேட்காது. அதனால் தலைக்குக் குளிப்பதைக் கிளம்பும் முன் வீட்டிலேயே முடித்து அனுப்புங்கள்.

தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டு, தட்டைத் தானே கழுவி வைக்கப் பழக்குங்கள். காலையில் உப்புமா வரும், அது உறுதி.

ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ் வேதாகமம் வாசிக்க வராது என்றால், தமிழும் ஆங்கிலமும் பக்கம் பக்கமாக உள்ள பதிப்பை வாங்கிக் கொடுங்கள். போனில் உள்ள வேதாகமம் உதவாது, போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். "1 கொரி. 13:4" (1 கொரிந்தியர் 13-ம் அதிகாரம், 4-ம் வசனம்) என்று சொன்னால் எங்கே புரட்டுவது என்று பழக்கியிருந்தால் போட்டிகளில் பிள்ளை தலை குனிந்து உட்காராது. புதிய ஏற்பாட்டுப் புத்தகங்களின் வரிசை தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

பை கட்டுவது

பையைப் பிள்ளைதான் கட்ட வேண்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் போதும். அம்மா அழகாக அடுக்கி அனுப்பிய பை திரும்பிவரும்போது அடியில் இருந்த நான்கு சட்டையும் மடிப்புக் கலையாமல் இருக்கும். பிள்ளை மேலே இருந்த ஒரே சட்டையை மூன்று நாள் போட்டிருக்கும். பழைய தலையணை உறைகளை எடுத்து, ஒரு நாளுக்கு ஓர் உறை என்று சட்டை, கால்சட்டை, உள்ளாடை, சாக்ஸ் நான்கையும் உள்ளே போட்டு, வெளியே "திங்கள்", "செவ்வாய்" என்று எழுதிவிடுங்கள். காலையில் ஓர் உறையை உருவினால் போதும், கழற்றியதை அதே உறையில் திணித்துக்கொள்ளலாம்.

உள்ளாடை எத்தனை நாளோ அதோடு இன்னும் இரண்டு. மலையில் துவைத்துப் போட்டால் காயாது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மதுரையில் மே மாத வெயில் கொளுத்தும்போது அங்கே ராத்திரி 12 டிகிரி அளவுக்கு இறங்கும், மத்தியானத்துக்கு மேல் மழையும் வரும். 1845-ல் மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிகள் அங்கே பங்களா கட்டியதே வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பிக்கத்தான், சபைகளின் முகாம் இடங்கள் இன்றும் மலையில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே ஒரு ஸ்வெட்டர், காது மூடும் குல்லா, கனமான போர்வை, மழைக்கோட்டு கட்டாயம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர்தான், அங்கே ஒரு ஸ்வெட்டர் போதும். சமவெளியில் பள்ளிக்கூட வளாகத்தில் நடக்கும் முகாம் என்றால் ஸ்வெட்டருக்குப் பதில் கொசுவர்த்தியும் மெல்லிய பருத்தி உடையும்.

இவற்றோடு வேதாகமம், நோட்டு, இரண்டு பேனா, டார்ச், எவர்சில்வர் தட்டும் டம்ளரும், எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், துண்டு இரண்டு, ரப்பர் செருப்பு, ஓடுவதற்கு ஷூ, சோப்பு, பிரஷ், பேஸ்ட், தேங்காய் எண்ணெய். மலை ஊர்களில் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது, அதைக் கொடுத்து அனுப்பாதீர்கள். எல்லாவற்றிலும் அழியாத மார்க்கரால் பெயர். செருப்பின் உள்பக்கத்தில்கூட, ஒரே நிறத்தில் பத்து ஜோடி வாசலில் கிடக்கும்.

புதுத் துணி, தங்கச் செயின், கம்மல், விலை கூடிய வாட்ச் வேண்டாம். செலவுக்கு 200 ரூபாய், பத்தும் இருபதுமாக, லீடரிடம் கொடுத்து வைத்தால் நல்லது. காணிக்கைக்குத் தனியாகச் சில்லறை கொடுங்கள். எடுக்கும்போது கையில் ஒன்றும் இல்லாமல் இருப்பது பிள்ளைக்குப் பெரிய சங்கடம். உங்கள் போன் நம்பரையும் இன்னொரு உறவினர் நம்பரையும் ஓர் அட்டையில் எழுதி வேதாகமத்துக்குள் வையுங்கள்.

இரண்டு வாரம் முன்பு தலையில் பேன் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் மருந்து போட்டு, ஈரும் வெடித்து வருமென்பதால் 7 முதல் 10 நாளில் மறுபடி போட வேண்டும். கிளம்பும் அன்று கண்டுபிடித்தால் காலம் கடந்துவிடும்.

கிளம்பும் நாள்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் பாதையில் பாதிப் பேருந்து வாந்தி எடுக்கும். சேலத்திலிருந்து ஏற்காடு போகவே 20 கொண்டை ஊசி வளைவு. காலையில் இரண்டு இட்லி போதும், பூரியும் வடையும் வேண்டாம். வெறும் வயிறும் ஆகாது. டாக்டர் சொன்ன குமட்டல் மாத்திரை இருந்தால் வண்டி ஏறுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன் கொடுங்கள், முன்பக்க ஜன்னல் சீட்டு கேளுங்கள், வளைவில் புத்தகம் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்களே காரில் கொண்டுபோய் விடுவதாக இருந்தால், 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் வேண்டும் என்பது நினைவிருக்கட்டும்.

வழியனுப்புவது சுருக்கமாக இருக்கட்டும். "நீ இல்லாம அம்மா எப்படிடா இருப்பேன்" என்று சொன்னால், அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் பிள்ளை தலையில் ஏற்றி அனுப்புகிறீர்கள். அழுகை வந்தால் பேருந்து திரும்பிய பிறகு அழுங்கள். "பிடிக்கலைன்னா போன் பண்ணு, உடனே வந்து கூட்டிட்டு வந்துடுறேன்" என்ற வாக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். பாசத்தில் சொல்வதுதான், ஆனால் நீ தாக்குப்பிடிக்க மாட்டாய் என்று பிள்ளைக்கு அது கேட்கும். முதல் ராத்திரியிலிருந்து போனைத் தவிர வேறு நினைப்பு இருக்காது. அதற்குப் பதில்: "முதல் ரெண்டு ராத்திரி வீட்டு ஞாபகம் வரும், எல்லாருக்கும் வரும். வந்தா லீடர் அண்ணன்கிட்ட சொல்லு. சனிக்கிழமை நாலு மணிக்கு நான் இதே இடத்துல நிப்பேன்."

ஒரு விஷயத்துக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது, அதையும் அன்றே சொல்லிவிடுங்கள். யாராவது உடம்பைத் தொட்டால், தொடச் சொன்னால், "யார்கிட்டயும் சொல்லாதே" என்று சொன்னால், அது லீடரே ஆனாலும் பாஸ்டரே ஆனாலும், எந்த நேரமும் வீட்டுக்குப் போன் போடலாம். வீட்டு நம்பர் கிடைக்காவிட்டால் 1098, குழந்தைகளுக்கான இலவச உதவி எண். இரண்டையும் மனப்பாடமாகச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

அழைப்புக் கொடுக்கும்போது என்ன செய்வது என்பதையும் பேசிவைக்கலாம். கடைசி ராத்திரியில் "இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை உயர்த்துங்கள்" என்று சொல்வார்கள், பக்கத்தில் இருக்கும் எல்லாரும் உயர்த்துவார்கள். மனதில் பட்டால் உயர்த்தலாம், படாவிட்டால் அமைதியாக உட்கார்ந்திருக்கலாம், அம்மா அப்பா கோபிக்க மாட்டோம் என்று சொல்லுங்கள். பிள்ளை எடுக்கும் முடிவு அதனுடையதாக இருந்தால்தான் ஜூன் மாதத்துக்குப் பிறகும் நிற்கும்.

நடுவில் போன் வந்தால்

முதலில் லீடரிடம் பேசுங்கள்: சாப்பிடுகிறதா, விளையாடுகிறதா, எந்த நேரத்தில் அழுகிறது? பகலில் ஓடியாடிவிட்டு ராத்திரி விளக்கணைத்ததும் அழுதால் அது வழக்கமான வீட்டு ஏக்கம், இரண்டு நாளில் தணியும். பிள்ளையிடம் மூன்று நிமிடம் பேசினால் போதும். "அழுறியா?" என்று கேட்காதீர்கள், "யார் பக்கத்துல படுக்குற, இன்னைக்கு என்ன பாட்டு?" என்று கேளுங்கள். வீட்டில் பாட்டி வந்திருப்பதையும் பிரியாணி செய்ததையும் சொல்லாதீர்கள். இரண்டு நாளாகச் சாப்பாடும் தூக்கமும் இல்லை, காய்ச்சல் இறங்கவில்லை, அல்லது குரலில் பயம் தெரிகிறது என்றால் யோசிக்காமல் கிளம்பிப் போங்கள். ஒன்றுமில்லை என்று தெரிந்தால் திரும்பி வரலாம், நஷ்டம் டீசல் மட்டும்தான்.

திரும்பி வந்த பிறகு

அன்று குளியல், சாப்பாடு, தூக்கம். கேள்விகள் மறுநாள். பையை வாசலிலேயே கவிழ்த்துத் துணியை வெந்நீரில் ஊறவையுங்கள். தலையில் பேன், விரலிடுக்கில் அரிப்பு, காலில் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். சோலைப் பக்கம் நடந்திருந்தால் அட்டை கடித்த தடம் இருக்கலாம், சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். தொண்டை கட்டியிருந்தால் கத்திப் பாடியிருக்கிறது என்று அர்த்தம்.

பிள்ளை பெரிய தீர்மானங்களோடு வரும்: 5 மணிக்கு எழுந்து ஜெபிப்பேன், டிவி பார்க்க மாட்டேன், தங்கையோடு சண்டை போட மாட்டேன். நாலாம் நாள் சண்டை நடக்கும். "கேம்ப்ல கத்துக்கிட்டது இதுதானா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்; ஒரே வாக்கியத்தில் அத்தனையும் கேலியாகிவிடும், அடுத்த வருஷம் வரமாட்டேன் என்று நிற்கும். காலையில் பத்து நிமிடம் தனியாக வேதம் வாசித்து ஜெபிக்கும் அமைதி வேளைக்கு வீட்டில் ஓர் இடமும் சத்தமில்லாத நேரமும் ஒதுக்கிக் கொடுத்தால், ஐந்து மணி ஏழு மணியானாலும் பழக்கம் தங்கும். முழுக்கு, இரகசிய வருகை என்று கேள்வியோடு வந்தால் அதட்டாமல் உங்கள் சபையின் போதனையை நீங்களே சொல்லுங்கள். தெரியாவிட்டால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஐயரிடம் போய்க் கேளுங்கள்.

குறை இருந்தால் ஒரு வாரத்துக்குள் பொறுப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள்: எந்த நாள், எந்த இடம், என்ன நடந்தது. கழிப்பறைக்கு விளக்கில்லை, வெந்நீர் கடைசிக் குழுவுக்கு வரவில்லை போன்றவை அப்படி எழுதினால்தான் அடுத்த மே மாதத்துக்குள் சரியாகும்.